பட்டினியிலும் இளைக்காத பாக்டீரியா

கோபக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் சொல்வது சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க யாரும் கிட்டே வரமாட்டார்கள். வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரியும். இப்படி யாரும் கிட்டே வராமலே காலம் ஓடி, ஒருநாள் முழுக் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்று அசிங்கப்பட வேண்டி வரும். நான் பட்டேன். காரைக்குடியில், ஒரு சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, என் அம்மாவும் அண்ணனும் எங்கள் துறையின் மொத்த ஜனமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பட்டேன்.

அப்போது நான் பாக்டீரியாக்களின் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். தையல்காரர் மாதிரிதான், சட்டை மட்டும் கிடையாது.) மானகிரி எங்கள் ஊர். அங்குள்ள ஊருணித் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த குச்சி வடிவ பாக்டீரியா அது. ஒன்று வளரும், நடுவில் ஒடுங்கும், இரண்டாகும். எல்லாம் ஒரே தாயின் வாரிசுகள்தான். ஒரே சாப்பாடு, ஒரே சூடு. ஆனாலும் ஒன்று நெட்டையாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும். இந்த வித்தியாசம் எவ்வளவு, சாப்பாட்டைக் குறைத்தால் வித்தியாசம் கூடுமா குறையுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

அண்ணனிடம் இதை விளக்கியபோது, "நம்ம வீட்லயே நான் நெட்ட, நீ குட்ட. இதுக்கா அம்புட்டு வருசம் படிக்கிற?" என்றான்.

அண்ணனுக்கு உரக்கடை. அந்தக் கடைதான் எனக்குப் பூச்சாண்டி. வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்: துறையில் எல்லார் முன்னாலும் என் ஆராய்ச்சியைப் பேசிக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேட்பார். அவர் 'இனி ஆய்வேட்டை எழுதலாம்' என்று சொன்னால் எழுதலாம். சொல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் பில் போட வேண்டும். அண்ணன் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட வாங்கி யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் போட்டிருந்தான். போகும்போதெல்லாம் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கோ அந்த மைக்ராஸ்கோப் அறையை விட்டுப் போக மனசில்லை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்திருப்பார்கள். மொத்தக் கட்டடத்திலும் ஏசி ஒழுங்காக ஓடிய ஒரே அறை. வெளியே வெயில் செம்மண்ணைப் போட்டு வறுத்துக்கொண்டிருக்கும். உள்ளே நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, குளிர்ந்த இருட்டில், கண்ணைக் குழலில் வைத்து உட்கார்ந்திருப்பேன். சாம்பல் நிற வெளிச்சம். அதில் கறுப்புக் குச்சிகளாக அவை, மெல்லிய ஜெல் வில்லையின் மேல் படுத்துக் கிடக்கும். வளர்வது பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் நீண்டிருக்கும், இடுப்பு லேசாக ஒடுங்கியிருக்கும். இன்னொரு டீக்குப் போய்வந்தால் இரண்டாகியிருக்கும். சத்தமே கிடையாது. ஒன்று இரண்டாகும்போது சத்தம் வராமல் இருக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டு நிலம் இரண்டானபோது வந்த சத்தம் காரைக்குடி வரை கேட்டது.

மத்தியானத்தில் கண் சொக்கும். குச்சிகள் மிதப்பதுபோல இருக்கும். நான் அவற்றுக்கு மேலே மெதுவாகப் பறந்துகொண்டிருப்பேன். கீழே ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக அவை உறங்கும். யாரும் யாரையும் திட்டாத ஊர்கள்.

கையால் அளந்தால் நூறு செல் முடிப்பதற்குள் கண் பிதுங்கிவிடும். அதனால் கம்ப்யூட்டர். மைக்ராஸ்கோப்பின் தலையில் ஒரு கேமரா உண்டு. ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, இடம் மாற்றி இடம் மாற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பேன். படங்களை ஃபோல்டரில் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். புரோகிராம் ஒவ்வொரு படமாகத் திறந்து, எது கறுப்பு எது வெளுப்பு என்று பிரித்து, ஒவ்வொரு கறுப்புக் குச்சியைச் சுற்றியும் மஞ்சள் கோடு வரையும். கோட்டுக்குள் இருப்பதன் நீள அகலத்தை வரிசையாக அட்டவணையில் எழுதும். கடைசியில் கிராஃப் போடும். பாக்டீரியா என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. கறுப்பாக, குச்சியாக, சொன்ன அளவுக்குள் இருந்தால் அது செல். அவ்வளவுதான் அதன் அறிவு. (என் அறிவும் அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது.)

அந்த மஞ்சள் கோடு என் கண்ணுக்குள் ஏறிவிட்டது. தேவகோட்டை பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கு ஆள் மஞ்சள் கோடு. தட்டில் இட்லி வந்தால் இட்லிக்கு இட்லி மஞ்சள் கோடு. சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து என்று போயிருந்தேன். பந்தியில் இரண்டு அத்தைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டிக்கொண்ட செல்களைப் புரோகிராம் ஒன்றாக எண்ணிவிடும். என் மூளையும் அப்படியே எண்ணியது: நீளம் சராசரி, அகலம் எல்லை தாண்டியது, நீக்கவும்.

"என்னடி இப்புடி வெறிச்சுப் பாக்குற?" என்றாள் பெரிய அத்தை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தே. ஒட்டிக்கிட்டா ஒன்னுன்னு கணக்காயிரும்."

அன்றோடு அந்த வீட்டிலிருந்து எனக்குப் பத்திரிகை வருவது நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் தரும் அட்டவணையில் முதல் இரண்டு கட்டங்கள், அந்தச் செல் படத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்பவை. குறுக்கே இவ்வளவு, கீழே இவ்வளவு. முதல் வாரமே அவற்றை அழித்துவிட்டேன். நான் அளவு பார்க்க வந்தவள், எனக்கு விலாசம் எதற்கு?

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் துறையில் அது பெரிதாக நடக்கும். விஞ்ஞானிகள்தான், ஆனாலும் அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு பயம் வந்துவிடும். ஃப்ரீசர் இத்தனை மின்வெட்டுக்கும் பிழைத்துக் கிடப்பது யார் தயவு என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கருவிகளையும் கழற்றித் துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைப்போம். மைக்ராஸ்கோப் என் பொறுப்பு. கேமராவைக் கழற்றித் துடைத்து மேஜைமேல் மல்லாக்க வைத்தேன். வாய் திறந்திருந்தது. உள்ளே பளபளவென்று சின்னதாக ஒரு கண்ணாடி. படம் விழுகிற இடம் அதுதான்.

பக்கத்தில் ஜஸீமா இருந்தாள். என்னோடு படித்தவள், தேவகோட்டைக்காரி. அந்தப் புரோகிராமில் பாதி அவள் எழுதியது.

"ஏ புள்ள, கேமரா வாய மூடி வையி. பொடி விழுந்துரும்."

"குங்குமம் விழுந்தா நல்லதுதான். நீ போயி பொரிகடலைய வாங்கு."

அவள் போனாள். நான் கோயில் யானைக்கு வைப்பதுபோல கேமராவின் விளிம்பில் சந்தனத்தை அப்பி, குங்குமத்தைக் கிள்ளி அழுத்தி வைத்தேன். சாமி கும்பிட்டு முடித்து, கேமராவைத் திரும்ப மாட்டினேன்.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில்தான் அது வந்தது.

வந்தது என்றால், கிராஃபில் வந்தது. செல்களின் நீளத்தைக் கிராஃபாகப் போட்டால் ஒரு மேடு தெரியும். நடுத்தர உயரக்காரர்கள் நிறைய, நெட்டையும் குட்டையும் கொஞ்சம். எல்லாருக்கும் அப்படித்தான் வரும். எனக்கு அந்த மேட்டின் சரிவில், கொடிமரம் நட்டதுபோல, நெட்டுக்குத்தாக ஒரு கோடு நின்றது. அதாவது, ஒரே நீளம், ஒரே அகலம் உள்ள செல்கள் நூற்றுக்கணக்கில். மயிரிழை வித்தியாசம் கிடையாது.

சாப்பாட்டைக் குறைத்தேன். செல்கள் இளைத்தன, மேடு முழுசும் இடதுபக்கம் நகர்ந்தது. கொடிமரம் நகரவில்லை. சாப்பாட்டை அள்ளிக் கொட்டினேன். மேடு வலதுபக்கம் போனது. கொடிமரம் அங்கேயே நின்றது. உப்புப் போட்டேன், குளிர வைத்தேன். எதற்கும் அசையவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வேளைக்கு ஒரு அளவு. ஹாஸ்டல் வார்டன் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அதையே இல்லை என்பார். அண்ணன் கோழிக்குழம்பு வைத்த அன்றைக்கு ஒரு மாதிரி, புளிக்குழம்பு அன்றைக்கு வேறு மாதிரி. இங்கே ஒரு ஜாதி இருக்கிறது, சோறு போட்டாலும் அதே, போடாவிட்டாலும் அதே. 'உறுதிச் செல்கள்' என்று பெயர் வைத்தேன். கூட்டத்தில் சிலது மட்டும் பட்டினிக்கு மசியாமல் தன் அளவைக் காத்து நிற்கிறது, கஷ்டகாலத்தில் இனத்தைக் காப்பாற்றப்போவது அதுதான் என்று ஒரு கோட்பாடும் எழுதிவிட்டேன்.

குழலில் கண்ணை வைத்து அவற்றைத் தேடினேன். ஒன்றுகூடத் தென்படவில்லை. மற்றவற்றோடு கலந்து அடக்கமாக நிற்கின்றன போலிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்கு மட்டும்தான் தெரியும் என்று முடிவுகட்டினேன். அந்த அடக்கம் எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

மத்தியானத் தூக்கத்தில் குச்சிகளின் ஊருக்குள் இறங்கிப் போவேன். நீளமான தெரு, இருபுறமும் வழவழவென்று கறுப்பு மதில்கள். மதில்கள் மூச்சு விடும். ஒன்று பருக்கும், ஒன்று சிறுக்கும், ஒன்று சத்தமில்லாமல் இரண்டாகும். தெருக்கோடியில் ஒருவர் மட்டும் அசையாமல் படுத்திருப்பார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து உரக்கடை நாற்காலி வரை எல்லாவற்றையும் சொல்லித் திட்டித் தீர்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டவர் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை. ஏசி சத்தத்தில் விழிப்பு வரும்போது மனசு லேசாக இருக்கும்.

ஜஸீமா ஒருநாள் கேட்டாள்.

"படத்துல அதப் பாத்தியா?"

"ஆயிரக்கணக்குல படம் கெடக்கு. ஒன்னொன்னாப் பாக்குறதுக்கா புரோகிராம் எழுதுனோம்?"

"ஒரு நாலு படமாச்சும் பாரு புள்ள."

"ஒஞ் சோலியப் பாரு."

அவள் தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் கைடு சார் தங்கமானவர். ஒரே குறை, என்னைப் பார்த்தால் அவருக்குப் பயம். "வேற யாராச்சும் ஒரு தடவ எடுத்துப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"என்மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"ஐயையோ, அதுக்கில்லம்மா" என்று எழுந்து போய்விட்டார். அந்த நாற்காலியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இருவர் மானமும் தப்பியிருக்கும்.

சித்திரை வந்தது, அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அம்மாவையும் அண்ணனையும் நான்தான் கூப்பிட்டேன். கடை நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று முந்தின நாளே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். அம்மா பட்டுப்புடவையும் ஒரு தூக்குவாளி கந்தரப்பமுமாக வந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்த பேராசிரியை ஒல்லியாக, மெதுவாகப் பேசுபவராக இருந்தார். அம்மா நேரே அவரிடம் போனாள்.

"நீங்கதான் எம்பொண்ணு பூச்சியப் பாக்க வந்துருக்கீகளா?"

"ஆமாம்மா."

"நல்லாப் பாருங்க. பெத்த புள்ள மாதிரி வளத்துருக்கா. வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான்."

பேராசிரியை ஒரு கந்தரப்பத்தைத் தின்றுவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நன்றாகப் பேசினேன். அதை யாரும் மறுக்க முடியாது. மேட்டைக் காட்டினேன், கொடிமரத்தைக் காட்டினேன். பட்டினி போட்டபோது மேடு நகர்வதையும் கொடிமரம் நகராமல் நிற்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். "இவை இளைப்பதில்லை" என்று சொல்லி நிறுத்தி, தண்ணீர் குடித்தேன். பின்வரிசையில் அண்ணன் முதலில் கை தட்டினான். எல்லாரும் தட்டினார்கள்.

பேராசிரியை மைக்கை வாங்கினார்.

"செல் எதுவும் இல்லாம வெறும் ஜெல்லை மட்டும் வச்சு ஒரு படம் எடுத்தீங்களாம்மா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"சோறு போடாத எலைய யாராச்சும் போட்டோ எடுப்பாகளா மேடம்?"

கூடம் சிரித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பேராசிரியையும் சிரித்தார். "எடுக்கணும்மா. எலையில முன்னாலயே ஏதாச்சும் ஒட்டியிருந்தா, அதையும் சோறுன்னு எண்ணிருவீங்கல்ல?" என்றார்.

கைடு சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு படமாவது காட்ட முடியுமா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரே ஒரு நல்ல படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத்தான் கோபம் வந்துவிட்டதே.

"ஒன்னு என்ன மேடம், எல்லாத்தையும் பாருங்க."

மஞ்சள் கோடு போட்ட படங்கள் இருந்த ஃபோல்டரைப் பெரிய திரையில் திறந்தேன். முதல் படம் வந்தது. சாம்பல் நிற வெளி, அதில் சிதறிக் கிடக்கும் குச்சிகள், குச்சிக்கு ஒரு மஞ்சள் கோடு.

"அடுத்தது" என்றார்.

தட்டினேன்.

"அடுத்தது."

தட்டினேன். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நம்மை என்ன நினைக்கிறார் என்று ஆத்திரம். அம்புக்குறிப் பட்டனை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

படங்கள் ஓடின. அத்தனை மாதம் தனித்தனியாக எடுத்தவை ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு ஓடின. கண்மாய் உடைத்துக்கொண்டு போகும்போது சருகுகள் போகுமே, அதுபோலக் குச்சிகள் வந்தன, போயின. மெலிந்தவை வந்தன, பருத்தவை வந்தன. மஞ்சள் கோடுகள் மின்னி மின்னி மறைந்தன. அந்த ஓட்டத்துக்கு நடுவே, திரையின் மேல் இடது மூலையில், ஒன்று மட்டும் நின்றது. அதன் மஞ்சள் கோடு இமைக்கக்கூட இல்லை. எல்லாப் படத்திலும் அதே இடம், அதே சாய்வு. வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

அழகாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. உலகம் முழுசும் ஓடுகிறது, ஒருவர் மட்டும் இருக்கிறார். அந்த ஒரு நொடியில் எனக்கு அவமானம் எதுவும் தோன்றவில்லை. இத்தனை நாளாகத் தேடினேன், இங்கேயா இருந்தீர்கள் என்றுதான் தோன்றியது. பிறகு விரலை எடுத்தேன். ஓட்டம் நின்றது. அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் அண்ணன் அம்மாவிடம் கிசுகிசுத்தது கடைசி வரிசையிலிருந்து மேடை வரை வந்தது.

"அந்த மூலையில இருக்கது மட்டும் போகவே இல்லம்மா."

"அதுதான்டா நல்ல பூச்சி போலருக்கு. மத்ததெல்லாம் ஓடிருச்சு பாரு."

"கேமராவைக் கழட்டிப் பாத்துருவோமா?" என்றார் பேராசிரியை.

ஊர்வலமாகப் போனோம். முன்னால் பேராசிரியை, பின்னால் கைடு சார், அதற்குப் பின்னால் துறை முழுசும், கடைசியில் தூக்குவாளியோடு அம்மா. கேமராவைக் கழற்றி டார்ச் அடித்தார்கள். உள்ளே அந்தக் கண்ணாடியின் மேல், காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு, நீளவாக்கில் ஒரு குங்குமத் துணுக்கு. சிவப்பாக, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அதன் நிழல்தான் எல்லாப் படத்திலும் கறுப்புக் குச்சியாக விழுந்திருக்கிறது. கண் வைத்துப் பார்க்கும் குழலுக்கு வெளிச்சம் வேறு வழியாகப் போகிறது, அதனால்தான் என் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை. குங்குமத்துக்குப் பட்டினி போட்டால் எப்படி இளைக்கும்?

நான் ஜஸீமாவைப் பார்த்தேன். அவள் கேமரா மூடியைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "குங்குமந்தானடி? நீ வச்சதா?"

"ம்."

"அது எம்புட்டு எடம் இருந்தும் அங்க போயி ஒக்காந்துருக்குன்னா சும்மாவா?"

"ஒக்காந்தது சரிம்மா" என்றான் அண்ணன். "அதுக்கு ஒம்பொண்ணு சோறு போட்டு, உப்புப் போட்டு, பேரு வேற வச்சிருக்காளே."

பேராசிரியையும் கைடு சாரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். கிண்டல் செய்வான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். செய்யவில்லை.

"கடைக்கு வந்தாலும் ஒன்னும் கொறஞ்சு போயிற மாட்ட" என்றான். "அங்குட்டு ஒரு ஃபேன் மாட்டிருவோம்."

நாற்காலியோடு இப்போது ஃபேனும் வந்துவிட்டது. அண்ணன் நிஜமாகவே முடிவுகட்டிவிட்டான் என்று புரிந்தது.

கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். மேஜையில் என் கிராஃப் விரித்திருந்தது. பேராசிரியை கொடிமரத்தின் மேல் ஒரு பேனாவை நீளவாக்கில் வைத்து மறைத்திருந்தார்.

"இதை எடுத்துட்டா மிச்சம் என்னம்மா இருக்கு?"

"ஒன்னுமில்ல மேடம். வெறும் மேடு."

"அந்த மேட்டைப் பத்தி நீங்க இன்னைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசலை. பட்டினியில அது நகர்றது மட்டுமில்ல, அகலமாகுது. பாத்தீங்களா?"

பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மேடு நன்றாகவே பரந்திருந்தது. பசி வந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கூடுகிறது. நான் ஆராய்ச்சிக்கு வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பதில் இத்தனை நாளாகக் காலடியில் விரிந்து கிடந்திருக்கிறது. நான் அதன் மேல் நின்றுகொண்டு கொடிமரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

"எல்லாப் படத்தையும் புதுசா எடுங்க. வெறும் ஜெல்லை முதல்ல எடுங்க. அதே அகலம் திரும்ப வந்தா எழுதலாம்."

வழக்கம்போலக் கோபப்பட வாயைத் திறந்தேன். கோபப்பட ஒன்றும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எனக்குப் பழக்கம் கிடையாது. "சரிங்க மேடம்" என்று சொன்னேன். கைடு சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

எல்லாரும் போன பிறகு சார் ரப்பர் ஊதுகுழலை எடுத்து வந்தார். "நீ ஊதுறியாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கை வரவில்லை. அவரே கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை அழுத்தினார். புஸ் என்று ஒரு சத்தம். என் உறுதிச் செல்கள், அத்தனை நூறும், ஒரே மூச்சில் காரைக்குடிக் காற்றில் கலந்தன. ஜஸீமா எனக்கு ஒரு கந்தரப்பம் கொடுத்தாள். தின்றுகொண்டே அழுதேன்.

திரும்ப எடுத்தேன். அதே அகலம் வந்தது. எழுதினேன், பட்டமும் வாங்கினேன். யாரும் எழுந்து நின்று கை தட்டாத, சாதாரண மேடு ஒன்றைப் பற்றிய ஆய்வேடு அது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் மாணவிகள் முதல் நாளே வெறும் ஜெல்லைப் படம் எடுக்கிறார்கள். எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை.

அம்மா ஊரில் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள். "குங்குமத்துக்கு உசுரு இருக்குன்னு எம்பொண்ணு கண்டுபுடிச்சா. திருநெல்வேலியில இருந்து ஒரு அம்மா வந்து ஊதி விட்டுட்டாக." இதைத் திருத்த நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் தோற்றன.

ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது அது அல்ல. நான் சத்தம் போட்டு எதையாவது சாதிக்கும்போது, முன்பெல்லாம் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இப்போது யாரும் போவதில்லை. அண்ணன் ஆள்காட்டி விரலைக் காற்றில் நீட்டி ஒரு தட்டுத் தட்டுகிறான். "அடுத்தது." இன்னொரு தட்டு. "அடுத்தது." அவ்வளவுதான். நான் பேசப் பேச, சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் நகர்ந்துகொண்டிருக்க, நான் மட்டும் மேல் இடது மூலையில் நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்து வாய் தானாக மூடிக்கொள்ளும். கல்யாணமான மறுவாரமே என் வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என் மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அந்த விரல் வந்துவிட்டது.

போன மாதம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் ஏறினேன். பஸ் மானகிரியில் நிற்காது என்றார் கண்டக்டர். போன வாரம் நின்றது என்றேன். நிற்காதும்மா என்றார். நின்றது என்றேன். எனக்குக் குரல் ஏறியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அப்போது பார்த்தால், கம்பியைப் பிடித்திருந்த என் கையில், ஆள்காட்டி விரல் தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தது. அடுத்தது.

அண்ணன் இல்லை, அம்மா இல்லை, என் விரலே எனக்கு எதிரியாகிவிட்டது. சரி என்று மூச்சை இழுத்துவிட்டு, கண்டக்டர், நான், இரண்டு பேரில் யார் அசையாமல் நிற்பது என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவர்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம். அவர்களை நான் கேட்கவில்லை.